ரப்பர் கலந்த எப்பாக்சி வேகமான சுமையில் ஏன் எளிதில் முறிகிறது? ஒரு நிகழ்வு ஆய்வு

ரப்பர் கலந்த எப்பாக்சியை, அதாவது இறுகிக் கெட்டியாகும் ஒரு வகைப் பசைப் பிசினை, ஒரே அச்சில் வார்த்து, ஒரே அடுப்பில் வைத்து இறுகச் செய்து, ஒரே தகட்டிலிருந்து அறுத்தெடுத்த இரண்டு பட்டைகளை எடுத்துக்கொள்வோம். இரண்டிலும் ஒரே ஆழத்தில் விரிசல் இடப்பட்டிருக்கிறது. முதல் பட்டையை மூன்று புள்ளி வளைவுச் சோதனையில் நிமிடத்துக்கு 1 மில்லிமீட்டர் வேகத்தில் அழுத்துகிறோம். விரிசல் முனையைச் சுற்றிப் பால்போல ஒரு வெண்மை பரவுகிறது; ஏறத்தாழ ஒரு நிமிடம் தாக்குப்பிடித்த பிறகே அது முறிகிறது. இரண்டாவது பட்டையை வினாடிக்கு 1 மீட்டர் வேகத்தில் வரும் முனையால் மோதுகிறோம். ஒரு மில்லிவினாடிக்குள் எல்லாம் முடிந்துவிடுகிறது. முறிந்த பரப்பின் தொடக்கத்தில் நகக்கீறல் அளவுக்கு மெல்லிய வெண்கோடு மட்டும் மிஞ்சுகிறது. இரண்டாவது பட்டை உள்வாங்கிய முறிவு ஆற்றல், முதலாவதைவிடக் கணிசமாகக் குறைவு.

இந்த வேறுபாட்டுக்கு நம்மிடையே வழக்கமாகச் சொல்லப்படும் விளக்கம், வேகமாக அடித்தால் உள்ளே இருக்கும் ரப்பர் விறைத்துப்போய்விடுகிறது என்பது. கேட்க நன்றாக இருந்தாலும், அறை வெப்பநிலையில் நடக்கும் சோதனைகளைப் பொறுத்தவரை அது பெரும்பாலும் தவறு. தவறான விளக்கத்தை நம்பினால் தவறான ரப்பரைத் தேடி அலைய நேரும் என்பதால், ஏராளமாக ஆராயப்பட்ட ஒரு கலவையை எடுத்துக்கொண்டு அதில் நடப்பதை அடிப்படையிலிருந்து பார்ப்பதே இந்த ஆய்வின் நோக்கம்.

எடுத்துக்கொண்ட கலவை

1960களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் மெக்கேரி குழுவினர், எப்பாக்சியில் திரவ ரப்பரைச் சிறிதளவு கலந்தால் அதன் முறிவுத் தாங்குதிறன் பல மடங்கு கூடுவதைக் காட்டினர். அந்த ரப்பர், பியூட்டாடையீனும் அக்ரிலோநைட்ரைலும் சேர்ந்த, இரு முனைகளிலும் கார்பாக்சில் தொகுதி கொண்ட குறுஞ்சங்கிலிப் பாலிமர், துறையில் சி.டி.பி.என். என்ற சுருக்கப் பெயராலேயே எல்லோரும் அதைக் குறிப்பிடுகிறார்கள். பிற்பாடு 1983 இல் பிரிட்டனின் கின்லாக், ஷா, டாட் ஆகியோரும் அமெரிக்காவின் ஹன்ஸ்டனும் வெளியிட்ட ஆய்வுகளில் பயன்படுத்தப்பட்ட கலவையே இங்கு நம்முடைய நிகழ்வு. பிஸ்பினால்-ஏ வகை எப்பாக்சிப் பிசின் 100 பங்கு, சி.டி.பி.என். 15 பங்கு, இறுகச் செய்யும் பொருளாகப் பைப்பரிடின் 5 பங்கு எடைக்கணக்கில் சேர்த்து, 120 டிகிரி செல்சியஸில் 16 மணி நேரம் வைக்கப்படும். இந்தப் பைப்பரிடினின் பெயர் மிளகிலிருந்து வந்தது. மிளகின் காரத்துக்குக் காரணமான பைப்பரினைச் சிதைத்தே முதலில் அதைப் பெற்றார்கள். ஆனால் அதன் நெடியில் மிளகு ரசத்தின் மணத்தை எதிர்பார்த்து மூக்கை நீட்டுவது நல்லதல்ல.

கலவையைத் தயாரிக்கும்போதே இந்தப் பொருளின் இயல்பு கண்ணுக்குத் தெரிகிறது. பிசினும் ரப்பரும் வெல்லப்பாகுபோலக் கெட்டியானவை. மிதமாகச் சூடாக்கிக் கிளறினால் ஒன்றோடொன்று கரைந்து தெளிந்த திரவமாகிவிடும். வெற்றிடத்தில் காற்றுக் குமிழிகளை நீக்கி, பைப்பரிடினைச் சேர்த்து அச்சில் ஊற்றி அடுப்பில் வைக்கும்போதும் தெளிவாகவே இருக்கும். எப்பாக்சிச் சங்கிலிகள் இணைந்து வளர வளர, ரப்பருக்கு அதில் கரைந்திருக்க இடமில்லாமல் போய், அது நுண்துளிகளாகப் பிரிகிறது. அடுப்பிலிருந்து எடுக்கும் தகடு சோற்றுக் கஞ்சிபோல வெண்மையாகிவிட்டிருக்கும். அந்த வெண்மையே ரப்பர் தனித்துகள்களாகப் பிரிந்துவிட்டதற்கான முதல் அடையாளம். துகள்களின் விட்டம் பெரும்பாலும் அரை மைக்ரானிலிருந்து சில மைக்ரான் வரை இருக்கும். ரப்பரில் ஒரு பகுதி பிரியாமல் எப்பாக்சியிலேயே கரைந்து தங்கி, அதைச் சற்று மென்மையாக்கவும் செய்யும்.

ரப்பர் சேராத எப்பாக்சியின் முறிவு ஆற்றல் சதுர மீட்டருக்கு 100 முதல் 300 ஜூல் வரை. மேற்சொன்ன கலவையில், மெதுவான சோதனையில், அறை வெப்பநிலையில் அது 2,000 ஜூலை எட்டுகிறது. அதாவது ஏறத்தாழ பத்து மடங்கு. கடினத்தையும் விறைப்பையும் பெரிதாக இழக்காமல் பத்து மடங்கு பெறுவது சாதாரண ஆதாயமல்ல. விமானம் முதல் கார் வரை உலோகத்தை உலோகத்தோடு ஒட்டும் பசைகள் இந்த ஆதாயத்தின் மேல்தான் நிற்கின்றன. அது எந்த வேகம் வரை நிலைக்கிறது என்பதே கேள்வி.

ஆற்றல் எங்கே செலவாகிறது

ரப்பர் துகள், வருகின்ற விரிசலைப் பிடித்து நிறுத்தும் என்றுதான் தொடக்கத்தில் பலரும் எண்ணினர். இரு முகங்களுக்கிடையே ரப்பர் இழுபட்டுப் பாலம்போல நிற்பதும் உண்மைதான். ஆனால் அதில் செலவாகும் ஆற்றல் மொத்தத்தில் சிறு பங்கு. ஆற்றலின் பெரும்பகுதி எப்பாக்சியிலேயே, விரிசல் முனையைச் சுற்றியுள்ள சிறு பகுதி நிரந்தரமாக உருமாறுவதில் செலவாகிறது. அந்தப் பகுதியை இனி இளகு மண்டலம் என்றும், எப்பாக்சி நிரந்தரமாக உருமாறத் தொடங்கும் தகைவை (அலகுப் பரப்பில் செயல்படும் விசையை) இளகு தகைவு என்றும் குறிப்பிடுகிறேன்.

ரப்பரின் வேலை இந்த மண்டலத்தைப் பெரிதாக்குவது. விரிசல் முனையில் பொருள் மூன்று திசைகளிலும் ஒரே நேரத்தில் இழுபடுகிறது. அப்படி எல்லாப் பக்கமும் இழுபடும் பொருளால் சறுக்கி உருமாற முடியாது. பிளவுபடுவதே அதற்கு எளிது. ரப்பருக்கோ வடிவம் மாறுவது எளிது, பருமன் மாறுவது மிகக் கடினம். எல்லாப் பக்கமும் இழுக்கும்போது அது உள்ளுக்குள் கிழிந்து வெற்றிடமாகிறது. துகளுக்குள் வெற்றிடம் தோன்றிய மறுகணம், அதைச் சுற்றியுள்ள எப்பாக்சியின் மீதிருந்த முத்திசை இழுவிசை தளர்கிறது. துகளுக்குத் துகள் இடைப்பட்ட எப்பாக்சிச் சுவர்களில் சறுக்குப் பட்டைகள் (பொருள் வழுக்கி நகரும் மெல்லிய அடுக்குகள்) பிறந்து, பொருள் உருமாறத் தொடங்குகிறது. 1980களில் அமெரிக்காவில் யீயும் பியர்சனும் செய்த ஆய்வுகள் இந்த வரிசையை, அதாவது முதலில் துகள் கிழிதல், பிறகு எப்பாக்சி சறுக்குதல் என்பதை, நுண்ணோக்கிச் சான்றுகளோடு நிறுவின. நாம் காணும் வெண்மை, இந்த வெற்றிடங்களில் ஒளி சிதறுவதால் வருவது.

இந்த வரிசையில் இரண்டு படிகள் இருக்கின்றன: ரப்பர் கிழிய வேண்டும், எப்பாக்சி சறுக்க வேண்டும். வேகம் கூடும்போது எந்தப் படி முதலில் தடைபடுகிறது என்று கேட்டால்தான் நம்முடைய கேள்விக்கு விடை கிடைக்கும்.

ரப்பர் விறைக்கிறதா

எந்த ரப்பரும் ஒரு குறிப்பிட்ட வெப்பநிலைக்குக் கீழே கண்ணாடிபோல விறைத்துவிடும். சி.டி.பி.என். வகைகளுக்கு, அக்ரிலோநைட்ரைல் விகிதத்தைப் பொறுத்து, இந்தக் கண்ணாடி நிலைமாற்ற வெப்பநிலை ஏறத்தாழ மைனஸ் 40 முதல் மைனஸ் 60 டிகிரி வரை இருக்கும். சுமையேற்றும் வேகம் கூடினால் இந்த வெப்பநிலையும் ஏறும் என்பது உண்மை. எவ்வளவு ஏறும்? வேகம் ஒவ்வொரு பத்து மடங்கு கூடும்போதும் தோராயமாக 3 முதல் 5 டிகிரி. நிமிடத்துக்கு 1 மில்லிமீட்டர் என்பதையும், மணிக்கு 50 கிலோமீட்டரில், அதாவது வினாடிக்கு ஏறத்தாழ 14 மீட்டரில் நடக்கும் மோதலையும் ஒப்பிட்டால், இரண்டுக்கும் எட்டு லட்சம் மடங்குக்கு மேல் வேறுபாடு. பத்தின் மடங்குகளில் சொன்னால் ஏறத்தாழ ஆறு படிகள். ஆறு படிகளுக்கும் சேர்த்து ஏற்றம் 20 முதல் 30 டிகிரி. மைனஸ் 50 இல் விறைக்க வேண்டிய ரப்பர் மைனஸ் 20 இல் விறைக்கும். 30 டிகிரி அறையில் அது இன்னும் ரப்பராகவே இருக்கும். அறை வெப்பநிலையில் மோதி முறித்த பரப்பை மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தாலும் கிழிந்த துகள்களின் குழிகளைப் பெரும்பாலும் காணமுடியும்.

ஆக, முதல் படி நடக்கிறது. தடைபடுவது இரண்டாவது படி.

இதில் ஒரு விதிவிலக்கைச் சொல்லாமல் விட முடியாது. குளிர்நாடுகளில் ஓடும் கார்களுக்கான பசையை மைனஸ் 40 டிகிரியில் மோதிச் சோதிக்கும்போது ரப்பர் விறைப்பது உண்மையான சிக்கலாகிறது. அங்கே அக்ரிலோநைட்ரைல் குறைந்த ரப்பர், அல்லது பாலிபியூட்டாடையீன், சிலிக்கோன் போன்ற இன்னும் தாழ்ந்த வெப்பநிலையிலும் விறைக்காத உட்கருவும் கெட்டியான புறஓடும் கொண்ட முன்தயாரித்த துகள்கள் தேவைப்படுகின்றன. ஆனால் அது குளிரும் வேகமும் சேர்ந்து செய்யும் வேலை. வேகம் தனியாகச் செய்வதல்ல.

எப்பாக்சி ஏன் சறுக்க மறுக்கிறது

ஜவ்வு மிட்டாயை மெல்ல இழுத்தால் முழம் முழமாக நீளும். வெடுக்கென்று இழுத்தால் ஒடிந்துவிடும் என்பது திருவிழாவில் அதை வாங்கித் தின்ற யாருக்கும் தெரியும். பாலிமர்கள் எல்லாவற்றுக்கும் இது பொது இயல்பு. சங்கிலித் துண்டுகள் ஒன்றையொன்று தாண்டி நகர்வதற்கு வெப்ப அசைவின் உதவி தேவை. அந்த உதவிக்குக் காத்திருக்க நேரம் தேவை. நேரம் குறைந்தால் அந்தக் குறையைக் கூடுதல் தகைவு கொடுத்துத்தான் ஈடுகட்ட வேண்டும். வேதியியலாளர் ஐரிங் தந்த கணக்கின்படி, இளகு தகைவு உருமாறும் வேகத்தின் மடக்கையோடு நேர்கோட்டில் உயர்கிறது. எப்பாக்சிகளுக்கு அந்த உயர்வு, வேகம் பத்து மடங்காகும் ஒவ்வொரு முறையும் 5 முதல் 7 மெகாபாஸ்கல் என்று கொள்ளலாம்.

இதைக் கொண்டு ஒரு தோராயக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். மெதுவான சோதனையில் நம் கலவையின் இளகு தகைவு 65 மெகாபாஸ்கல், விரிசல் முனையின் மாறுநிலைத் தகைவுச் செறிவு (விரிசல் நகரத் தொடங்கும்போது முனையில் தகைவு எவ்வளவு குவிந்திருக்கிறது என்பதன் அளவு) 2.2 மெகாபாஸ்கல் ரூட் மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். இளகு மண்டலத்தின் ஆரம், தகைவுச் செறிவை இளகு தகைவால் வகுத்து வரும் எண்ணின் இருமடியை 6π ஆல் வகுத்தால் கிடைக்கும். விடை ஏறத்தாழ 60 மைக்ரான்; குறுக்களவு 0.12 மில்லிமீட்டர். தலைமுடியைவிடச் சற்றுத் தடிமன். ஆறு படி வேக உயர்வில் படிக்கு 6 மெகாபாஸ்கல் வீதம் 36 கூடி, இளகு தகைவு 101 ஆகிறது. தகைவுச் செறிவு சற்றும் குறையவில்லை என்றே கொண்டாலும், மண்டலத்தின் ஆரம் ஐந்தில் இரண்டு பங்காக, அதாவது 25 மைக்ரானாகச் சுருங்கிவிடும்.

ஆனால் தகைவுச் செறிவு குறையாமல் இருக்காது. விரிசலைத் தடுக்கும் ஆற்றலே இந்த மண்டலத்திலிருந்துதான் வருகிறது. மண்டலம் சுருங்கினால் ஆற்றல் குறையும். ஆற்றல் குறைந்தால் விரிசல் குறைந்த சுமையிலேயே நகரும். குறைந்த சுமையில் மண்டலம் இன்னும் சிறுக்கும். கடனுக்கு வட்டி கட்டக் கடன் வாங்குபவரின் நிலைதான். தகைவுச் செறிவு 1.4 க்கு இறங்கியதாக எடுத்துக்கொண்டால் ஆரம் 10 மைக்ரான். அந்த அளவில் மண்டலத்துக்குள் ஒரு சில ரப்பர் துகள்களுக்கே இடமிருக்கும். பத்து மைக்ரானுக்குள் கிழிந்த துகள்களும் அவற்றுக்கிடையே சறுக்கும் சுவர்களும் எத்தனை இருக்க முடியும் என்று எண்ணிப் பார்த்தாலே, ரப்பர் ரப்பராக இருந்தும் பயனில்லாமல் போவது புரியும். இங்கே நான் போட்ட எண்கள் அளவின் தரத்தைக் காட்டுவதற்கானவை. ஒவ்வொரு கலவைக்கும் அளந்தே பெற வேண்டும்.

ரப்பர் சேராத எப்பாக்சியின் முறிவு ஆற்றல் வேகத்தால் இந்த அளவுக்கு ஆட்டம் காண்பதில்லை. அதில் இளகு மண்டலம் முதலிலேயே மிகச் சிறியது. இழப்பதற்கு அதிகம் இல்லை. ஆகவே வேகம் கூடக் கூட, கலந்ததற்கும் கலக்காததற்கும் இடையிலான பத்து மடங்கு இடைவெளி சில மடங்காகச் சுருங்குகிறது. ஆனாலும் கலந்தது கலக்காததற்குக் கீழே போய்விடுவதில்லை.

குளிரும் வேகமும்

1983 ஆய்வுகளின் சிறப்பு, வேகத்தையும் வெப்பநிலையையும் ஒரே கணக்கில் கொண்டுவந்தது. வெவ்வேறு வெப்பநிலைகளில், வெவ்வேறு வேகங்களில் பெற்ற முறிவு ஆற்றல்களை முறிவுக்கு ஆன நேரத்தின் மேல் குறித்து, ஒவ்வொரு வெப்பநிலைக்கும் நேர அச்சை ஒரு குறிப்பிட்ட அளவு நகர்த்தினால், சிதறிக் கிடந்த புள்ளிகள் ஒரே வளைகோட்டில் வந்து அமர்கின்றன. குளிரில் மெதுவாக முறிப்பதும், வெப்பத்தில் வேகமாக முறிப்பதும் பொருளின் பார்வையில் ஒன்றே.

இதை நிரூபிக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். சோதனைப் பட்டையில் விரிசல் இடும் வேலையே போதும். இயந்திரத்தில் வெட்டிய காடியின் அடியில் புதிய சவர பிளேடை வைத்துச் சிறு சுத்தியலால் தட்டினால், வெறும் எப்பாக்சியில் கூரிய விரிசல் ஒன்று சட்டென்று முன்னோக்கி ஓடும். ரப்பர் கலந்ததில் அப்படி ஓடாது. பிளேடு உள்ளே அமிழும், சுற்றி வெளுக்கும், முனை மழுங்கியதாகவே நிற்கும். மழுங்கிய முனையோடு சோதித்தால் கிடைக்கும் எண் பெரிதாக இருக்கும். அது பொருளின் எண் அல்ல. அதனால் பட்டையைத் திரவ நைட்ரஜனில் அமிழ்த்தி எடுத்துத் தட்டுவார்கள். அப்போது அதே பட்டை கண்ணாடிபோலப் பிளந்து கூரிய விரிசலைத் தரும். மறுபடி அறை வெப்பநிலைக்கு வந்ததும் பழைய உறுதி திரும்பிவிடும். சுத்தியல் தட்டும் வேகத்துக்கு நாம் எட்டாததைக் குளிரால் எட்டிவிடுகிறோம்.

விரிசல் நகரும் விதமும் இந்த வளைகோட்டின் இடத்தைப் பொறுத்து மாறுகிறது. மிகுந்த குளிரிலோ மிகுந்த வேகத்திலோ விரிசல் சீராக, நொறுங்கும் தன்மையோடு ஓடுகிறது. இடைப்பட்ட பகுதியில் நின்று நின்று பாய்கிறது. சுமை வரைபடம் ரம்பப் பற்கள்போல ஏறி ஏறி விழும். வெப்பம் கூடிய, மெதுவான பகுதியில் மீண்டும் சீராக, ஆனால் இம்முறை இழுத்துக் கிழிவதுபோல, உருமாறிக்கொண்டே நகர்கிறது. ரம்பப் பல் பகுதியில் தொடங்கும் ஆற்றல், நிற்கும் ஆற்றல் என்று இரண்டு எண்கள் கிடைக்கும். அறிக்கைகளில் ஒரே ஒரு எண்ணைப் பார்க்கும்போது அது எந்த எண் என்று கேட்பது என் வழக்கமாகிவிட்டது.

மிக அதிக வேகத்தில் வெப்பம்

ஐரிங் கணக்கு மட்டும் முழுக்கதை அல்ல. உருமாற்றத்தில் செலவாகும் ஆற்றலின் பெரும்பகுதி வெப்பமாகிறது. எப்பாக்சியில் வெப்பம் மிக மெதுவாகப் பரவும். அதன் வெப்ப விரவல் எண் வினாடிக்கு ஏறத்தாழ 0.1 சதுர மில்லிமீட்டர். ஒரு நிமிடச் சோதனையில் வெப்பம் 2 மில்லிமீட்டருக்கு மேல் பரவிவிடும்; 0.12 மில்லிமீட்டர் மண்டலத்தில் அது தங்கவே தங்காது. அரை மில்லிவினாடிச் சோதனையிலோ அது பரவுவது 7 மைக்ரான் மட்டுமே. மண்டலத்தில் பிறந்த வெப்பம் மண்டலத்திலேயே அடைபட்டுவிடுகிறது. 100 மெகாபாஸ்கல் தகைவில் 0.5 அளவு திரிபு (உருமாற்ற விகிதம்) ஏற்பட்டால், வெப்பநிலை 35 டிகிரி வரை உயரலாம். இறுகிய இந்தக் கலவையின் கண்ணாடி நிலைமாற்ற வெப்பநிலை 100 டிகிரிக்கு அருகே இருப்பதால், 35 டிகிரி உயர்வு அலட்சியப்படுத்தக் கூடியதல்ல.

இந்த வெப்பம் இரு பக்கமும் வெட்டும் கத்தி. விரிசல் முனை மென்மையாகி மழுங்கினால், தொடங்கும் ஆற்றல் கூடும். பாலிமர்களின் மோதல் சோதனைகளில் இந்த வெப்ப மழுங்கலை வில்லியம்ஸ் முதலானோர் 1980களின் தொடக்கத்திலேயே விளக்கியிருந்தனர். மறுபுறம், சூடான இடமே மேலும் மேலும் சறுக்க, அண்டைப் பகுதிகள் சும்மா இருந்துவிட, உருமாற்றம் மெல்லிய பட்டையில் குவிந்து மொத்த ஆற்றல் குறையவும் கூடும். கார் உடல்களுக்கான, ரப்பரால் உறுதியாக்கப்பட்ட எப்பாக்சிப் பசையை வினாடிக்குப் பத்து மீட்டருக்கும் மேற்பட்ட வேகம் வரை சோதித்து லண்டன் இம்பீரியல் கல்லூரியின் பிளாக்மேன், கின்லாக் குழுவினர் 2009 இல் வெளியிட்ட ஆய்வில், வேகம் கூடக் கூட முறிவு ஆற்றல் குறைந்தது. வெப்பம் பரவ நேரமுள்ள நிலையிலிருந்து வெப்பம் அடைபடும் நிலைக்கு மாறுவதோடு அவர்கள் அந்தக் குறைவை இணைத்துக் காட்டினர். மோதல் வேகங்களில் இந்த விளக்கத்தையே நான் ஐரிங் கணக்குக்கு அடுத்தபடியாக வைப்பேன்.

அளவீட்டில் ஏமாறும் இடங்கள்

மோதல் சோதனையில் முதலில் பதிவாகும் சுமை உச்சம் பொருளின் வலிமை அல்ல. நின்றுகொண்டிருந்த பட்டையைத் திடீரென்று நகர்த்துவதற்கான விசை அது. பட்டை எதனால் ஆனதாக இருந்தாலும் அது வரும். அதைத் தொடர்ந்து பட்டை அதிர்ந்து, சுமை வரைபடம் அலையலையாக ஏறி இறங்கும். முறிவு அந்த அலைகளுக்கு நடுவே நேரும்போது, எந்த உச்சத்தை எடுப்பது என்பதிலேயே விடை இரு மடங்கு மாறிவிடும். வினாடிக்கு 1 மீட்டர் வேகத்தில் முறிவுத் தாங்குதிறனை அளப்பதற்கான ஐ.எஸ்.ஓ. 17281 நெறிமுறை இந்தச் சிக்கலுக்காகவே தனியாக உருவானது. மோதும் முனைக்கும் பட்டைக்கும் இடையே மென்மையான தணிப்பு வைப்பதை அது ஏற்கிறது. வேகத்தை மேலும் கூட்டினால் விசையை நம்புவதை விட்டுவிட்டு, அதிவேகக் கேமராவில் விரிசலின் நீளத்தையும் விலகலையும் பார்த்துக் கணக்கிடுவதே மேல்.

ஊசலாடி வரும் சம்மட்டியால் பட்டையை முறிக்கும் சார்ப்பி சோதனையில் கிடைக்கும் மொத்த ஆற்றலை முறிவு ஆற்றலாக எடுத்துக்கொள்வது இன்னொரு பொதுத் தவறு. முறிந்த துண்டுகள் பறந்துபோக எடுத்த ஆற்றலும் அதில் அடங்கியிருக்கிறது. நொறுங்கும் பொருளில் அது பெரும் பங்கு. உறுதியான பொருளில் சிறு பங்கு. ஆகவே அந்த எண்ணை வைத்து இரண்டையும் ஒப்பிட்டால் ரப்பரின் ஆதாயம் குறைவாகவே தெரியும்.

எதிர்த் திசையிலும் ஒரு பொறி இருக்கிறது. மெதுவாகச் சுமையேற்றினால் முறிவு ஆற்றல் கூடும் என்பதை, மெதுவான சுமை பாதுகாப்பானது என்று படித்துவிடக் கூடாது. 2006 ஜூலை 10 அன்று அமெரிக்காவின் பாஸ்டன் நகரச் சுரங்கச் சாலையில் கான்கிரீட் கூரைப் பலகைகள் ஒரு காரின் மேல் விழுந்து ஒரு பெண் உயிரிழந்தார். பலகைகளைத் தாங்கிய போல்ட்டுகளைப் பிடித்திருந்த எப்பாக்சி, நிலையான சுமையில் ஆண்டுக்கணக்கில் சிறுகச் சிறுக நெகிழ்ந்து விட்டுக்கொடுத்தது என்று அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் கண்டறிந்தது. அந்த எப்பாக்சியின் கதை வேறு, ரப்பரோடு தொடர்பில்லாதது. ஆனால் குறுகிய நேரச் சோதனையில் தேறியது நெடுங்காலச் சுமையில் தோற்றது என்பதால், நேர அச்சின் மறுமுனையை மறக்காமலிருக்க இது உதவும்.

கலவையை மாற்றுவதா, மூட்டின் அமைப்பை மாற்றுவதா

மேற்கண்டவை சரியென்றால், வேகத்துக்கு ஈடுகொடுக்கும் கலவையைத் தேடுபவர் முதலில் பார்க்க வேண்டியது எப்பாக்சியின் குறுக்குப் பிணைப்பு அடர்த்தியை, அதாவது சங்கிலிகளை ஒன்றோடொன்று கட்டும் பிணைப்புகள் எவ்வளவு நெருக்கமாக இருக்கின்றன என்பதை. பியர்சனும் யீயும் 1989 இல் காட்டியபடி, பிணைப்பு நெருக்கமான எப்பாக்சியில் எத்தனை ரப்பர் கலந்தாலும் ஆதாயம் சொற்பம். பிணைப்புகள் தூரமாக இருந்தால் ஆதாயம் பெருகுகிறது. சங்கிலிக்கு அசைய இடமிருந்தால்தான் துகள் திறந்துவிட்ட வாய்ப்பை அது பயன்படுத்திக்கொள்ளும். விமானக் கூட்டுப்பொருள்களுக்கான நெருக்கமான எப்பாக்சிகளில் மெதுவான சோதனையிலேயே ரப்பரின் பலன் குறைவு என்பதும், அவற்றில் வேகத்தால் நேரும் இழப்பும் குறைவு என்பதும் ஒரே காரணத்தின் இரண்டு முகங்கள். பிணைப்பைத் தளர்த்தினால் வெப்பம் தாங்கும் திறன் இறங்கும். எஞ்சின் அருகே ஒட்டும் பசையில் அந்தச் சலுகையைக் கேட்க முடியாது.

துகளின் அளவும் பொருட்படுத்த வேண்டியது. வேகத்தில் மண்டலம் 10 மைக்ரானுக்குச் சுருங்கும் என்றால், 3 மைக்ரான் துகள்கள் அதில் சரியாக வேலை செய்ய முடியாது, 0.2 மைக்ரான் அளவிலுள்ள முன்தயாரித்த துகள்கள் ஏராளமாக இடம்பெற முடியும். ஆனால் மிகச் சிறிய துகள் கிழிய அதிகத் தகைவு தேவைப்படும் என்பதால், சிறிதாக்கிக்கொண்டே போவதற்கும் எல்லை உண்டு.

இரு தகடுகளைப் பசை இணைக்கும் மூட்டில், பசையின் தடிமனைப் பொறுத்தவரை விளைவு இன்னும் நேரடியானது. 1970களில் அமெரிக்கக் கடற்படை ஆய்வுக்கூடத்தில் பாஸ்கம் குழுவினரும், 1980களின் தொடக்கத்தில் கின்லாக்கும் ஷாவும் கண்டபடி, உறுதியாக்கிய எப்பாக்சிப் பசையின் முறிவு ஆற்றல், பசையின் தடிமன் இளகு மண்டலத்தின் குறுக்களவுக்கு ஏறத்தாழ சமமாக இருக்கும்போது உச்சத்தை அடைகிறது. மெல்லியதாக இருந்தால் இரு உலோகத் தகடுகளும் மண்டலத்தை நெருக்கி வளரவிடாது. தடித்ததாக இருந்தால் தகடுகள் மண்டலத்தை நீளவாக்கில் இழுத்து நீட்டும் உதவி கிடைக்காது. வேகம் கூடினால் மண்டலம் சுருங்குவதால், உச்சமும் தாழ்ந்து, மெல்லிய தடிமனை நோக்கி நகர்கிறது. மெதுவான சோதனையில் 0.5 மில்லிமீட்டர் நல்ல எண்ணைத் தந்தது என்பதற்காக அந்தத் தடிமனையே மோதலைத் தாங்க வேண்டிய மூட்டுக்கும் எழுதிவைப்பது, மண்டலம் எட்டாத இடத்தில் பசையை நிரப்புவதாகும். அங்கே 0.2 அல்லது 0.3 மில்லிமீட்டரைக் கண்ணாடிக் குறுமணிகளால் உறுதிசெய்து, ஐ.எஸ்.ஓ. 11343 சொல்லும் ஆப்புச் சோதனையை, அந்த மூட்டு உண்மையில் சந்திக்கப்போகும் வேகத்திலும் குளிரிலும் செய்து பார்த்த பிறகே தடிமனை முடிவுசெய்ய வேண்டும்.